கலப்பு விதைக்குப் பொறுப்பாளி

அண்ணை,

போன வாரம் நீங்கள் விதைக் குறிப்பு எழுதிய கொப்பிகள் நான்கையும் விரித்தேன். கோதுமைத் தூசி மூக்கில் ஏறித் தும்மித் தொலைத்தேன். உங்களை நினைத்து அழுவதற்காக அவற்றைத் தொட்டதாக எண்ண வேண்டாம். பண்ணைக்காரி ரொசாலியா தொலைபேசியில் கெஞ்சியதால்தான் தொட்டேன். மறுநாள் விதை அதிகாரி வருகிறாராம். உங்கள் தமிழை வாசித்துச் சொல்ல என்னை விட்டால் ஆளில்லையாம்.

சியாகுல்லி ஊருக்கு மேலே அவளுடைய மலைச்சரிவில் பதின்மூன்று வகைக் கோதுமையை ஒன்றாக விதைத்தீர்கள். நெட்டையும் குட்டையும், கறுப்பு மீசைக் கதிரும் வெள்ளை மீசைக் கதிருமாக அது வளர்ந்தபோது அயல் பண்ணைக்காரர்கள் சிரித்தார்கள். "எல்லாம் ஒரே மாதிரி நிக்கோணுமெண்டால் அதுக்கு ஆமி இருக்கு. வயல் என்னத்துக்கு?" என்றீர்கள். மழை பொய்த்த ஆண்டில் அவர்களுடைய வயல் கருகியது. உங்களுடையதில் பாதி நின்றது. பிறகு அவர்களே விதை கேட்டு வந்தார்கள்.

விற்கத்தான் வழியில்லை. ஒரே சீரான பயிரின் விதையைத்தான் விற்கலாம் என்பது சட்டம். கடைசியில் சில ஆண்டுகளுக்கு மட்டும், பரிசோதனையாக, கலப்பு விதையையும் அளவோடு விற்க அனுமதித்தார்கள். எந்த வகைகளைக் கலந்தது, எந்த வயல் துண்டில் விளைந்தது என்று பதிவு இருக்க வேண்டும். அவ்வளவுதான் கேட்டார்கள்.

"இத்தாலியனிலை எழுதுங்கோ அண்ணை" என்று எத்தனை தரம் சொன்னேன்! "நான் இருக்கிறன்தானே தங்கச்சி. கேட்டால் சொல்லுறன்" என்பீர்கள். மாசி மாதம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அந்த வயலிலேயே விழுந்தீர்கள். பிறகு யாரைக் கேட்பது?

நகரத்தில், லிபெர்த்தாத் தெருவில், நான் வேலை செய்யும் வீட்டுச் சீமாட்டி, அந்தச் சிஞ்ஞோரா, முகத்தைச் சுழிக்கச் சுழிக்க, லீவு வாங்கிக்கொண்டு போனேன். அதிகாரி பொறுமையான பெண்தான்.

"இந்த வரியில் என்ன இருக்கிறது?" என்று கேட்டார்.

"மேலைத்துண்டு, முந்தினது போலவே."

"எதற்கு முந்தியது?"

எனக்கென்ன தெரியும்? முந்திய கொப்பியைப் புரட்டினேன். அங்கேயும் ‘முந்தினது போலவே’. அதற்கு முந்திய கொப்பியில், ‘அத்திமரத்துக்கு இஞ்சாலைப் பக்கம், போன வருசத்தையான்’. இந்தப் பக்கமாம், போன வருடத்து விதையாம்; எந்த வருடம்? அதிகாரி பேனாவை மூடி வைத்தார். பெற்றோர் வகைகள், அதாவது முதலில் கலந்த வகைகள், தெரியாவிட்டால் இதை விதையாக விற்க முடியாது, அரைத்து மாவாகத்தான் விற்கலாம் என்றார். ரொசாலியா கண்ணைத் துடைத்தாள். எனக்கு உங்கள் மேல் வந்த ஆத்திரத்தில் முதல் கொப்பியை இழுத்துப் புரட்டினேன்.

அதன் நடுவில், இரண்டு தாள் ஒட்டிப்போன இடத்தில் பட்டியல் அகப்பட்டது. பதின்மூன்று பெயர்களும், ஒவ்வொன்றும் யாரிடம் வாங்கியது, எந்தத் துண்டில் விதைத்தது என்பதும் குண்டு குண்டாக எழுதியிருந்தீர்கள். நான் வாசிக்க வாசிக்க அதிகாரி இத்தாலியனில் எழுதினார். ஒரு மணித்தியாலம் ஆனது. அனுமதி தொடரும் என்றார். ரொசாலியா என்னைக் கட்டிப்பிடித்து விட்டாள்.

முடிந்தது என்று எழுந்தால், படிவத்தின் கடைசியில் நிரப்ப இன்னொரு கட்டம்: பராமரிப்புக்குப் பொறுப்பானவர். ரொசாலியா உங்கள் பெயரைச் சொன்னாள்.

"இறந்தவர் பொறுப்பாக இருக்க முடியாது, சிஞ்ஞோரா."

"நிலம் அவளுடையது. அவளே கையெழுத்துப் போடட்டும்" என்றேன்.

"பதிவை வாசிக்கத் தெரிந்தவர்தான் போட வேண்டும்" என்றார் அதிகாரி.

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். வயலில் இறங்கியே அறியாத நான் கையெழுத்துப் போட்டேன்.

பரிசோதனை முடியும்வரை இனி ஞாயிறுதோறும் பயிரைப் பார்த்துப் பதிவு எழுத அந்த மலையேற வேண்டும். முழங்கால் நோகும். வழி நெடுக உங்களைத் திட்டிக்கொண்டுதான் போவேன். இந்த ஊரில் உரிமையோடு திட்ட எனக்கு வேறு யாரும் இல்லை.