ஏறாத மாடியில் கொடுத்த சம்மதம்

அனுப்புநர்:
மா. பேராச்சி,
தோல் பட்டறைச் சந்து,
தாராவி, மும்பை.

பெறுநர்:
உயர்திரு உதவி ஆணையர் அவர்கள்,
வார்டு அலுவலகம், மும்பை.

பொருள்: பொதுக் கழிப்பறை குறித்து என் பெயரில் பதிவான சம்மதத்தை நீக்கக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

நான் மேற்கண்ட முகவரியில் பத்தொன்பது ஆண்டுகளாக வசிக்கிறேன். தோல் பை தைப்பது தொழில். இளம்பிள்ளைவாதத்தால் வலது கால் செயலிழந்து, ஊன்றுகோலுடன் நடப்பவள்.

1. கடந்த ஜனவரியில் தங்கள் அலுவலகம் 'அனைவருக்குமான ஆலோசனைக் குழு' அமைத்தது. அதில் ஒரு பெண், ஒரு மாற்றுத்திறனாளி, பட்டியல் சாதியினர் ஒருவர், பிறமொழியினர் ஒருவர் இருக்க வேண்டுமாம். நான்கு பேரைத் தேடும் சிரமம் எதற்கென்று என் ஒருத்தியையே நியமித்தீர்கள். கடிதம் வந்த அன்று உண்மையாகவே பெருமைப்பட்டேன். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

2. மூன்று கூட்டங்களும் இரண்டாம் மாடியில் நடந்தன. லிப்ட் பழுது. மூன்று முறையும் கீழே காவலாளியின் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். தேநீர் மட்டும் தவறாமல் இறங்கி வந்தது. முடியும் நேரத்தில் அலுவலக உதவியாளர் சாய்நாத் பதிவேட்டைக் கொண்டுவந்து, வருகைக்கு என்று சொல்லிக் கையெழுத்து வாங்கிப் போவார். அவரும் அப்படித்தான் நம்பியிருக்கலாம். எனக்கு மராத்தி வாசிக்கத் தெரியாது. படித்துக் காட்டச் சொல்லாதது என் தவறு, ஒப்புக்கொள்கிறேன்.

3. மூன்றாம் கூட்டத்தில், எங்கள் சந்துக் கழிப்பறையின் கீழ்த்தளம் ஆண்களுக்கு, மாடி பெண்களுக்கு என்று முடிவாகியிருக்கிறது. "மாற்றுத்திறனாளிப் பெண் உறுப்பினருக்கு ஆட்சேபம் இல்லை" என்ற வரியும் என் கையெழுத்துமாக அறிவிப்பைக் கழிப்பறைச் சுவரிலேயே ஒட்டியிருக்கிறார்கள். பக்கத்து வீட்டார் வாசித்துச் சொல்லித்தான் எனக்கே தெரிந்தது.

மாடிக்குப் பதினெட்டுப் படிகள். கைப்பிடி இல்லை. ஊன்றுகோலைக் கீழே போட்டுவிட்டு, உட்கார்ந்தபடியே கைகளை ஊன்றி ஏறுகிறேன். படிகள் எப்போதும் ஈரம். எதனால் என்று எழுதக் கூசுகிறது. மதியத்துக்கு மேல் தண்ணீர் குடிப்பதை விட்டுவிட்டேன்.

4. இம்மாதம் ஒன்பதாம் தேதி ஏஞ்சலம்மாள் என்கிற எழுபத்தொரு வயதுப் பெண்மணி அந்தப் படியில் வழுக்கி விழுந்ததில் இடுப்பெலும்பு முறிந்தது. மருத்துவமனைக்குப் பார்க்கப் போனேன். அவர் மகள் ஷைனி என்னிடம் கேட்டது இவ்வளவுதான்: "நீங்கதானக்கா சைன் போட்டிருக்கிய?"

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். கூட்டம் நடந்த மாடிக்கு நான் ஏறவே இல்லை என்று சொன்னேன், அவள் நம்பவில்லை. குழுவில் மெம்பர் என்று சந்து முழுக்கச் சொல்லித் திரிந்தவள் நான்தானே.

ஆகவே, பதிவேட்டில் உள்ள சம்மதத்தை அடித்து, நான் கூட்டத்தில் இல்லை என்று எழுத வேண்டும். கீழ்த்தளத்தில் பெண்களுக்கு முன்பிருந்த இரண்டு அறைகளையும் உடனே திறந்துவிட வேண்டும். திருத்திய அறிவிப்பை அதே சுவரில் தமிழிலும் ஒட்ட வேண்டும். ஷைனிக்குத் தமிழ் சரியாக வாசிக்க வராது, அதனால் இந்தியிலும்.

நான்காம் கூட்டம் 28ஆம் தேதி, மீண்டும் இரண்டாம் மாடியில் என்று அழைப்பு வந்துள்ளது. வருகிறேன். தங்கள் அலுவலகத்துக்கு நாற்பத்திரண்டு படிகள் என்று விசாரித்துக்கொண்டேன். உட்கார்ந்தபடியே ஏறுவதால் நேரமாகும். நான் மேலே வந்து சேரும்வரை கூட்டத்தைத் தொடங்க வேண்டாம் என்று பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இடம்: தாராவி
நாள்: 17.09.2024

பதிலுக்குக் காத்திருக்கும்,
மா. பேராச்சி

இணைப்பு: சுவர் அறிவிப்பின் நகல், இம்மனுவின் மராத்தி மொழிபெயர்ப்பு.