முன்னால் ஓடிய ரீல்

3-2-1941, திங்கள்

அரூர் டெண்டுக் கொட்டகையில் வெள்ளைக்காரப் படம். வழக்கம்போல் திரைக்குப் பக்கத்தில் நின்று, படத்தில் பேசுவதைத் தமிழில் சொன்னேன். பள்ளியிலிருந்து ஓய்வு பெற்றபின் எனக்கு இதுதான் வேலை. குரல் பின்வரிசைக்கு எட்டியதா, தெரியவில்லை.

வெள்ளையர்கள் கூண்டு வண்டிகளில் குடியேறப் போகிறார்கள். தலையில் இறகு சூடியவர்கள் தாக்குகிறார்கள். பட்டாளம் வந்து அவர்கள் குடிசைகளை எரிக்கிறது. சுபம். இறகுக்காரர்களுக்குப் படம் முழுக்க ஒரு வசனம்கூட இல்லை, கூச்சல்தான். அவர்கள் சார்பில் நான் மொழிபெயர்க்க எதுவுமே இல்லை.

"காட்டானுங்கன்னு சொல்லுங்க, சட்டுனு புரியும்" என்றார் முதலாளி ராஜாமணி. சொன்னேன். தரை டிக்கெட்டில் சித்தேரி மலைக்காரர்கள் இருந்தார்கள். அவர்களில் யாரும் சிரிக்கவில்லை.

5-2-1941

ஆபரேட்டர் ரீலை மாற்றிப் போட்டுவிட்டான். குடிசை எரிவது முதலில் வந்தது, தாக்குதல் பிறகு. நான் என்ன செய்வேன்? ஓடியதற்கு ஏற்பச் சொன்னேன் — வீடுகளைக் கொளுத்தினார்கள், அதனால் இவர்கள் வருகிறார்கள் என்று. அம்பு பாயும்போதெல்லாம் தரையில் விசில், கைதட்டல்.

நாற்காலியில் காட்டிலாகா ரேஞ்சர். போன கோடையில் சித்தேரி மலைமேல் தீர்த்தன் என்பவனின் குடிசையைக் கொளுத்தியது இவருடைய ஆட்கள்தான். படம் விட்டதும் தீர்த்தன் என்னிடம் வந்தான். "வூட்டைக் கொளுத்துனா வேற என்னங்க பண்ணுவாங்க?"

ரேஞ்சர் காதில் விழுந்திருக்குமோ?

6-2-1941

யுத்த காலம். வெள்ளையர்மீது அம்பு விழுந்ததற்கு ஜனங்கள் கைதட்டினார்கள், தூண்டியவன் நான் என்று ரேஞ்சர் போலீசுக்கு எழுதிவிட்டால்? சத்தியாக்கிரகம் செய்த இருவரைச் சென்ற வாரம்தான் பிடித்துப் போனார்கள்.

ராஜாமணி வந்தார். "ரேஞ்சர் முறைச்சுட்டுப் போனாருங்க. நாளைக்கு ரீல் சரியா ஓடும். நீங்களும் சரியாச் சொல்லிருங்க." தலையாட்டினேன்.

7-2-1941

ரீல் சரியாக ஓடியது. ரேஞ்சரும் வந்திருந்தார். தாக்குதல் வந்ததும் "காட்டான்கள்" என்று சொல்ல வாயெடுத்தேன். முன்வரிசையில் தீர்த்தன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். "இதற்கு முன்பே பட்டாளம் இவர்களுடைய குடிசைகளைக் கொளுத்தியிருக்கிறது" என்று சொல்லிவிட்டேன்.

படத்தில் அப்படி இல்லை. மூலத்தில் இல்லாததைச் சேர்க்காதே என்று எத்தனை பையன்களை அடித்திருப்பேன்! ஏன் சொன்னேன்? வாய வெச்சிக்கிட்டுச் சும்மா இருக்கத் தெரியலையே எனக்கு.

ரேஞ்சர் பாதியில் எழுந்து போனார்.

8-2-1941

வேலை போயிற்று. போலீஸ் இன்னும் வரவில்லை. தெருவில் சைக்கிள் மணி கேட்டாலே எழுந்து போய் எட்டிப் பார்க்கிறேன்.

10-2-1941

கடைசி ஆட்டம். வீட்டில் இருந்தாலும் பயம்தானே என்று போய், தரை டிக்கெட் வாங்கி உட்கார்ந்தேன். என் இடத்தில் சேலத்து ஆள் ஒருவர் நின்றார். நல்ல குரல், என்னுடையதைவிட. தாக்குதல் வந்தது. காட்டான்கள் என்றார்.

"வூட்டைக் கொளுத்துனதைச் சொல்லலையேங்க" என்றான் தீர்த்தன்.

அவர் கேளாதவர்போல் தொடர்ந்தார். நாலைந்து பேர் சேர்ந்துகொண்டார்கள். பிறகு பெண்கள் பக்கத்திலிருந்தும் குரல். அதைச் சொல், அதைச் சொல் என்று. அவர் பேச்சை நிறுத்திவிட்டு விழித்தார்.

ரேஞ்சர் எழுந்து, டார்ச் அடித்துத் தரையில் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே வந்தார். வெளிச்சம் என்மேல் வந்து நின்றது. துண்டால் முகத்தை மூடிக்கொள்ளலாமா என்றிருந்தது.

மூடவில்லை.