இணைச்சீருக்கு நீதான்

கண்ணு,

உன் சின்னத் தம்பிக்குத் தை மாதம் கல்யாணம். கூடப்பிறந்தவள் செய்யும் இணைச்சீரை நீதான் செய்யவேண்டும் என்று சொல்லிவிட்டேன்.

உன் பெரியப்பன் ஒத்துக்கொள்ளவில்லை. "பெரியவன் கண்ணாலத்துல, புருசன் இல்லாதவ ஆகாதுன்னு நீதானப்பா இவள மேடையவிட்டு எறக்குன? இப்ப மட்டும் ஆகுமா?" என்கிறார். முழங்கால் வலியோடு நம் பனியன் கம்பெனி மாடியில் அடைந்து கிடக்கிறேன். வருகிறவர்களெல்லாம் என் சொல்லையே எனக்குத் திருப்பிச் சொல்கிறார்கள்.

அன்று நீ பந்தியில் உட்காராமல் பஸ் ஏறியதில் எனக்கு இன்னும் கோபம்தான். ஒரு வாய் சாப்பிட்டிருக்கலாம்.

மன்னிப்பெல்லாம் எனக்கு எழுத வராது. சீர் நடத்தும் அருமைக்காரரிடம் உன் பெயரைச் சொல்லிவிட்டேன். நீ வராவிட்டால் வேறொருத்தியை அங்கே நிறுத்தமாட்டேன். சீர் இல்லாமலே தாலி ஏறட்டும். காரணம் கேட்பவர்களுக்கு நானே சொல்கிறேன்.

அப்பா