எமிலி மெதுவாகப் பதிந்த ஈஸ்டர் பாட்டு

என் செல்லம் எமிலிக்கு,

அந்த டேப்பை நான் ஒளித்து வைத்திருப்பதாகக் கோயிலில் பேசிக்கொள்கிறார்களாம். தங்கையின் கடைசிப் பதிவு கெட்டுப்போனதாம், அந்த வெட்கத்தில் அக்கா அதை வெளியே விடுவதில்லையாம். இரண்டும் தவறு. டேப் ஆங் மோ கியோவில், என் வரவேற்பறையில், நீ கொடுத்த டிஜிட்டல் ரிக்கார்டருக்குள் இருக்கிறது. அது கெட்டுப்போகவும் இல்லை. இதை நம் பங்கு இதழுக்கே அனுப்புகிறேன். உனக்கு எழுதுவதை அவர்களும் படிக்கட்டும்.

நீ அந்தப் பெட்டியை வீட்டுக்குக் கொண்டுவந்தபோது நான் முகம் கொடுத்துப் பேசவில்லை.

"இது பதிவு பண்ற மெஷின். ஸ்டூடியோவுல இருக்க வேண்டியது. எனக்கு எதுக்குடி?"

"பதிவு பண்றது பாடவும் செய்யும்க்கா. அத்தானோட ரிக்கார்டு எல்லாம் கீறல் விழுந்து கிடக்கு. இதுல ஊசியே கிடையாது, தேயாது."

"இத்தனை பட்டன் இருக்கே."

"உனக்கு மூணு போதும். மத்ததத் தொடாதே."

சொன்னதோடு விட்டாயா? பதிவைத் தொடங்கும் சிவப்புப் பொத்தானின் மேல் காயத்துக்குப் போடும் பிளாஸ்டரை ஒட்டினாய். நான் என்ன குழந்தையா என்று கேட்டேன். "தெரியாம அமுக்கி அத்தான் பாட்டு அழிஞ்சா யாரு அழுவா? நீதான்" என்றாய். பிளாஸ்டர் இன்னும் அங்கேயே இருக்கிறது.

முப்பது ஆண்டுகள் ஒலிப்பதிவு அறையில் வேலை பார்த்தவள் நீ. என் வீட்டுக்காரர் விட்டுப்போன இசைத்தட்டுகளை எல்லாம் உள்ளங்கையில் அடங்கும் சின்ன டேப்புகளுக்கு மாற்றிக் கொடுத்தாய். பாட்டுக்கு ஒரு எண். எண்ணை அழுத்தினால் டேப் தானே ஓடிப்போய் அந்தப் பாட்டின் தொடக்கத்தில் நிற்கும். கான்வென்டில் பியானோ படித்தவள் நான். முதல் சுரம் வெட்டுப்பட்டால் எனக்குப் பொறுக்காது. குற்றம் கண்டுபிடிக்கவே ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தேன். ஒன்றுகூடப் பிசகவில்லை.

இரவல் வாங்கிப்போவது போல அதே பெட்டியை என் வீட்டிலிருந்து தூக்கிக்கொண்டுதான் ஈஸ்டர் பாட்டைப் பதிய வந்தாய். சிகிச்சை பாதியில் இருந்தது. மார்சிலிங்கில் உன் வீட்டிலிருந்து ஃபேரர் பார்க் கோயில் வரை பஸ்ஸில் வரக்கூடாது என்றேன், கேட்கவில்லை. ஒத்திகையில் பாடற்குழுத் தலைவர் அந்தோணி உன் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார். ஒலியின் அளவைக் காட்டும் விளக்குக் கோடுகள் பாதிவரைதான் எரிந்தன.

"என்னக்கா, ரொம்ப லோவா இருக்கு லா. கொஞ்சம் தூக்குங்க."

"தூக்க மாட்டேன் அந்தோணி. மேல இருக்கிற இடம் சனங்களுக்கு."

"நாங்கதானே பாடுறோம்? சனங்க எங்க பாடப் போறாங்க?"

"நீங்க பாடுற நேரத்துல உங்களுக்கு அது கேக்காது."

எல்லாரும் சிரித்தார்கள். நானும்தான்.

ஈஸ்டர் பூசையிலும் நீ அதே அளவில்தான் பதிந்தாய். பிறகு அந்தோணி அந்தப் பதிவைக் கேசட்டுகளுக்கு மாற்றினார். மெதுவாக இருக்கிறதே என்று, கேசட் மெஷினில் அளவு காட்டும் ஊசி சிவப்பைத் தொடும்வரை ஒலியைக் கூட்டி, வீட்டுக்கு ஒன்று கொடுத்தார். கடைசி அடி வந்ததும் தகரத்தில் மணலைக் கொட்டியதுபோல் கரகரத்தது. பங்கு மண்டபத்தில் தேநீர் குடிக்கும்போது அவர் சொன்னார்: "பாவம், உடம்பு முடியாம செஞ்சாங்க. எமிலிக்காவுக்குக் காதும் போயிருச்சு." இரக்கப்பட்டுத்தான் சொன்னார். அதனாலேயே எல்லாரும் நம்பினார்கள்.

நானும் நம்பினேன், எமிலி. ஆஸ்பத்திரியில் உன் பக்கத்தில் உட்கார்ந்து, "இனிமே இந்த வேலையெல்லாம் வேணாம்" என்றேன். நீ ஒன்றுதான் கேட்டாய்: "டேப்ப முழுசா கேட்டியாக்கா?" கேட்டேன் என்றேன். நான் கேட்டது கேசட்டை. உனக்கு அது தெரிந்திருந்ததா?

நீ கண்ணை மூடிய பிறகு, போன மாதம் ஒரு காலையில், துணிக்கு இஸ்திரி போட்டுக்கொண்டே உன் டேப்பை முதன்முறையாக ஓடவிட்டேன். மெதுவாகத்தான் இருந்தது. ஆம்பிளிஃபயரின் குமிழைத் திருப்பினேன். பாடற்குழு அறைக்குள் வந்து நின்றது. கடைசி அடிக்கு முன் பெஞ்சுகள் கிறீச்சிடுகின்றன, யாரோ தொண்டையைச் செருமுகிறார்கள், பிறகு கோயில் முழுவதும் எழுந்து பாடுகிறது. ஆர்கன் அடியிலிருந்து தாங்குகிறது. பாதியில் நின்றிருந்த விளக்குகள் ஏறிக்கொண்டே போயின. உச்சிக்கு ஒரே ஒரு கோடு மிச்சம். அங்கே நின்றன. ஒரு குரல்கூடக் கிழியவில்லை.

இஸ்திரிப் பெட்டியை அணைத்துவிட்டு இன்னும் இரண்டு முறை கேட்டேன். உடனே கேசட்டையும் போட்டேன். அதே இடத்தில் அதே கரகரப்பு. அது உன் பதிவில் இல்லை, கூட்டி நகலெடுத்ததில் வந்தது. இத்தனை ஈஸ்டருக்கு நானும் அதே பெஞ்சில் இருந்திருக்கிறேன். சனங்கள் கடைசி அடியில்தான் வாய் திறக்கிறார்கள் என்பதை எப்போதாவது கவனித்தேனா? நீ மட்டும் எந்த வருடத்திலிருந்து அளந்து வைத்திருந்தாய்?

அந்தோணியைத் தொலைபேசியில் கூப்பிட்டேன்.

"ஆன்ட்டி, அதான் எல்லாரும் கேட்டாச்சே. விடுங்க லா."

"நீங்க கேட்டது உங்க கேசட், அந்தோணி. என் தங்கச்சி டேப்ப இன்னும் யாரும் கேக்கல. வீட்டுக்கு வந்து கேளுங்க."

"சரி, சரி, நேரம் கிடைச்சா வர்றேன்" என்றார். வரவில்லை. தங்கச்சிப் பாசம் என்று வெளியே சொன்னாராம். பாசம் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் விளக்குக் கோடுகளுக்குப் பாசம் கிடையாது.

உனக்கு வாக்குத் தருகிறேன், எமிலி. உன் காது போய்விட்டது என்ற பேச்சை இந்தப் பங்கில் விட்டுவைத்து நான் கண்ணை மூட மாட்டேன். இனி எல்லா ஞாயிறும் இரண்டாம் பூசைக்குப் பிறகு என் வீட்டுக் கதவு திறந்திருக்கும், டேப் ஓடும். பாடற்குழுவில் பாடிய ஒவ்வொருவரும் வரலாம். அந்தோணி, நீங்கள் முதலில் வாருங்கள். உட்கார்ந்து கடைசி அடிவரை கேளுங்கள். கேட்ட பிறகு, எமிலியின் காது சரியாக இருந்ததா இல்லையா என்பதை ஒரு தாளில் எழுதி, கையெழுத்திட்டு எனக்கு அனுப்புங்கள்.

உன் அக்கா,
பிலோமினா