பள்ளத்துப் பக்கக் கோல்

மக்கா,

மகளுக்கு ஒரு சான்றிதழ் வாங்க நேற்று அந்த நாலு மாடி ஆபீஸுக்குப் போயிருந்தேன். நல்ல ஐப்பசி மழை. வண்டி நிறுத்தும் இடத்தில் முழங்கால் தண்ணீர். பியூன் ஸ்கூட்டரைத் தள்ள முடியாமல் மழையைத் திட்டிக்கொண்டிருந்தார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நீ கோல் போட்ட இடமல்லவா அது!

விக்டோரியா ராணி காலத்தில் வெள்ளைக்காரத் துரைமார் தங்கள் பந்தாட்டத்துக்கென்று உண்டாக்கிய மைதானம். எவ்வளவு மண் கொட்டியும் கிழக்குப் பக்கம் பள்ளமாகவே கிடந்தது. துரைமார் போனபின் ஆபீஸர்களின் கிளப் அதை வைத்துக்கொண்டது. திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில் மூட்டை தூக்கியும் ஜவுளிக்கடையில் துணி கிழித்தும் பிழைத்த நம்மை வருஷத்துக்கு ஒருநாள் அவர்களோடு ஆட உள்ளே விடுவார்கள். அவர்களுக்குப் பூட்ஸ், நமக்கு வெறுங்கால். ஒரு வருஷமாவது ஜெயித்தோமா? மறுநாள் கடைத்தெருவில் கேலி தாங்காது.

அங்கே கட்டடம் வரப்போகிறது, இதுதான் கடைசி ஆட்டம் என்று சேதி வந்தது. அன்றைக்கும் விட்டால் அந்த மண்ணில் தோற்றவர்கள் என்ற பேரே நமக்கு நிலைத்துவிடும். காப்டனான நீ டாஸில் ஜெயித்தாய். ஜெயித்தவன், முதல் பாதியில் மேட்டைப் பார்த்து ஆடுகிறோம் என்றாயே! உனக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்றே நினைத்தேன். வானத்தில் மருந்துக்கும் மேகம் இல்லை.

"பேசாம பந்து களி மக்கா. பொறவு மழ வரும். தண்ணி பூரா அவனுவ கோலுக்கு முன்னால நிக்கும்" என்றாய்.

துலா மாதத்தில், அதுதான் நம் ஐப்பசியில், சாயங்காலம் மழை பெய்யும் என்று திருவனந்தபுரத்தில் யாருக்குத்தான் தெரியாது? அன்றைக்கே பெய்யும் என்று யார் எழுதிக் கொடுத்தது? நாக்குத் தள்ள மேட்டில் ஏறி ஏறி ஓடினோம். அவர்களைக் கோல் போடாமல் தடுத்ததே பெரும்பாடு. இடைவேளையிலும் வெயில் சுட்டது. நான் உன்னைத் திட்டாத வார்த்தை இல்லை.

இரண்டாம் பாதி தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் இடி. பிறகு கொட்டியது பார்! பூட்ஸ்காரர்கள் வழுக்கி வழுக்கி விழுந்தார்கள். மேட்டிலிருந்து நான் பந்தை ஓங்கி உதைத்தேன். உருண்டு வரும் என்று அவர்களுடைய கோலி காத்து நின்றார். பந்தோ தேங்கிய தண்ணீரில் அப்படியே நின்றுவிட்டது. நீ பாய்ந்து போய், சேறும் தண்ணீருமாகச் சேர்த்து விட்டாய் ஒரு உதை. அந்த ஒரு கோல் போதுமாக இருந்தது. உன்னைத் தோளில் தூக்கிக்கொண்டு சாலைக் கடைத்தெருவுக்குப் போனபோது, அரிசிக்கடை அண்ணாச்சி கடையைப் பூட்டாமலே கூட ஓடிவந்தார்.

பல வருஷம் கழித்து, அங்கே நாலு மாடியும் எழும்பிய பிறகு, எதிரணிக் காப்டன் நீ சொந்தமாகப் போட்ட பலசரக்குக் கடைக்கு வந்தார். அன்று மழைதான் ஜெயித்தது, இன்னொரு தடவை ஆடிப் பார்க்கலாமா என்றார். நீ தராசிலிருந்து தலையைத் தூக்கினாய்.

"ஆடலாமே சாரே. அதே கிரவுண்டுல வெச்சு ஆடலாம்."

மனிதர் வந்த வழியே படியிறங்கிப் போனார்.

போன ஆவணியில் நீ ஒரு வார்த்தை சொல்லாமல் போய்ச் சேர்ந்துவிட்டாய். அதில் உன்மேல் எனக்குக் கோபம்தான். நினைத்தால் அழுகையும் வருகிறது. ஆனால் கேட்பவர்களிடமெல்லாம் நெஞ்சை நிமிர்த்திச் சொல்லித் திரிகிறேன். அந்த மண்ணில் கடைசியாக ஜெயித்தவர்கள் நாம். இனி நம்மை ஜெயிக்க வேண்டுமென்றால், முதலில் அந்த நாலு மாடியையும் இடித்துவிட்டு வரட்டும்.