நான்கு இரவுகள், எந்தக் கட்டத்தில்?

மார்ச் 4

அன்புள்ள ஒட்டடைக்கு,

நலம்தானே? உன் மருமகளுக்கு உடைந்த கால் எலும்பு நன்றாகச் சேர்ந்துவிட்டது. இப்போது ஹாஸ்டல் படி ஏறும்போதும் பணம் தீரும்போதும் மட்டும் இந்த அம்மா ஞாபகம் வருகிறதாம். அத்தை உன்னைப் பற்றியும் விசாரித்தாள். "நல்லா இருக்கா" என்று குத்துமதிப்பாகச் சொல்லி வைத்தேன்.

போனில் பேசினால் ஐந்தாவது நிமிஷம் நம்மில் ஒருத்திக்கு சிக்னல் கெட்டுப்போகிறது. அதனால்தான் கடிதம். தவிர, இதோடு இருக்கும் படிவத்தில் உன் பேனா படவேண்டும்.

விஷயம் இதுதான். மாடியை நாள் வாடகைக்கு விடுகிறோம் இல்லையா, அதற்குத் தங்கல் வரி என்று ஒன்று உண்டு. முப்பது நாளுக்குக் குறைவாகத் தங்குகிற ஒவ்வொருவரிடமும் வாடகையோடு சேர்த்து வாங்கி அரசாங்கத்துக்குக் கட்ட வேண்டும். மாடியைப் பதிவு செய்து தரும் ஆப் அதைத் தானே பிடித்துக் கட்டிவிடுகிறது என்று இரண்டு வருஷமாக நிம்மதியாக இருந்தேன். பாதிதான் உண்மை. ஆப் கட்டுவது அரசாங்கத்தின் பங்கை. நகராட்சிக்கு ஒரு தனிப் பங்கு இருக்கிறது. அதை நாம் வாங்கி நாமே கட்ட வேண்டுமாம். சுத்தம் செய்யத் தனியாக வாங்குகிறோமே, அதற்கும் சேர்த்து. நான் வாங்கவும் இல்லை, கட்டவும் இல்லை, பதிவு எண்ணும் இல்லை. நோட்டீஸ் வந்துவிட்டது.

படித்ததும் பயந்தேன் என்று எழுதினால் நீ நம்பமாட்டாய். கோபம்தான் வந்தது, என் மேலேயே. ஒட்டடை, பூட்டு என்ற பட்டப்பெயர்களோடு நீயும் நானும் கல்லூரியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து மூன்று வருஷம் பொருளாதாரம் படித்தோம். அதில் ஒரு தாள் முழுக்க வரியைப் பற்றி!

நகராட்சிக்கு நேராகப் போய் விசாரித்துவிட்டேன். நாமாகவே முன்வந்து பழைய பாக்கியைக் கட்டினால் அபராதம் பெரிதாக இருக்காது. அதைச் சமாளித்துவிடுவேன். ஆனால் பதிவு செய்ய உரிமையாளர்கள் எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டும். வீட்டில் ஒரு பாதி உன்னுடையது, மறுபாதி உன் அண்ணன் விட்டுப்போனது, இப்போது என்னுடையது. ஏப்ரல் முப்பதுக்குள் கொடுக்காவிட்டால் ஆப்பிலிருந்து மாடியை எடுத்துவிடுவார்கள். மாடி இல்லாவிட்டால் உன் மருமகள் படிப்பு நடுவில் நிற்கும். இதை மிகைப்படுத்திச் சொல்லவில்லை என்று உனக்கே தெரியும்.

மூன்றாம் பக்கம், கீழே. பென்சிலால் பெருக்கல் குறி போட்டிருக்கிறேன்.

அன்புடன்,
பூட்டு


மார்ச் 15

மதிப்பிற்குரிய அண்ணிக்கு,

வணக்கம். உங்கள் கடிதமும் படிவமும் கிடைத்தன. மருமகள் குணமானது குறித்து மகிழ்ச்சி.

கையெழுத்துப் போடுவதற்கு முன் சில சந்தேகங்கள். அலுவலகத்தில் எதையும் படிக்காமல் கையெழுத்துப் போடாதே என்று மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பதுதான் என் வேலை. கோபித்துக்கொள்ளாதீர்கள்.

தங்கல் வரி என்றால் தங்குகிறவர் தரவேண்டியது. தங்கியவர்கள் எல்லாம் ஊர்ப்பக்கம் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அவர்கள் தராததை நீங்கள் ஏன் கட்டவேண்டும்? படிவத்தில் கையெழுத்துப் போட்டால் நாளைக்கு நீங்கள் ஒரு மாதம் மறந்துபோனாலும் நோட்டீஸ் என் பெயருக்கும் வருமா? மாடியை விடலாமா என்று நீங்கள் என்னைக் கேட்டது போனில், அதுவும் ஒரு நிமிஷம். நான் 'ம்' என்றேன். அந்த 'ம்' இவ்வளவு தூரம் வரும் என்று நினைக்கவில்லை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். போன வருஷம் நான் வந்தபோது மாடியில் ஆள் இருக்கிறது என்று ஹால் சோபாவைக் காட்டினீர்கள். என் கால் நீளத்துக்கு அந்த சோபா போதாது என்பது உங்களுக்குத் தெரியும். அன்றிலிருந்து ஒரு யோசனை இருக்கிறது. எனக்குப் பயன்படாத பாதியை நான் ஏன் வைத்திருக்க வேண்டும்? விற்றுவிட்டால் உங்களுக்கும் இந்த வரித் தொல்லை இல்லை.

யோசித்துப் பதில் எழுதுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் நாத்தனார்


மார்ச் 27

அடியே ஒட்டடை,

உன் அண்ணனைக் கட்டிக்கொண்டு இருபது வருஷம் கழித்து முதல்முறையாக எனக்கு 'நீங்கள்' கிடைத்திருக்கிறது. கல்யாணப் பந்தலில்கூட "ஏய், தலைய நிமிரு" என்றவள் நீ. இந்த மரியாதையைப் பார்த்துத்தான் பயமாக இருக்கிறது.

முதலில் உன் சந்தேகங்கள். வரி தங்குகிறவருடையது, சரி. நாம் அதை வாங்கிக் கொண்டுபோய்ச் சேர்க்கிறவர்கள் மட்டும். ஆனால் வாங்க மறந்தால் அது நம் தலையில்தான் விழும். "நான் வாங்கலை, அதனால குடுக்கலை" என்று கவுன்டரில் இருக்கும் அம்மாளிடம் சொல்லிப் பார்த்தேன். "பஸ்ல கண்டக்டர் டிக்கெட் குடுக்க மறந்தா கம்பெனி விட்டுடுமா?" என்று கேட்டார். நோட்டீஸ் உன் பெயருக்கு வருமா என்றால், வரும். நடத்துபவர் என்ற இடத்தில் என் பெயர் மட்டும் இருந்தாலும் வரும். மழுப்ப விரும்பவில்லை. நான் மறக்கமாட்டேன் என்பது மட்டும்தான் உனக்கு நான் தரக்கூடிய உத்தரவாதம்.

இப்போது இன்னொரு விஷயம். பழைய பாக்கிக்கு இரண்டு வருஷத்தில் யார் யார் எத்தனை இரவு தங்கினார்கள் என்று பட்டியல் கேட்டார்கள். எழுதிக்கொண்டு போனேன். அந்த அம்மாள் ஸ்கேல் வைத்து ஒவ்வொரு வரியாக இறங்கி வந்தார். போன நவம்பரில் நான்கு இரவு, ஒரு கம்பெனியின் பெயரில். "இதுக்கு விலாசம் எழுதலையே?" என்றார். தேடினேன். கிடைக்கவில்லை. உன் கடிதம் கைப்பையில் இருந்தது. மற்ற காகிதங்களை எடுக்கும்போது அதன் உறையின் மூலை கண்ணில் பட்டது. அதே நீளமான பெயர், அச்சில், விலாசத்தோடு.

நீ வேலை மாறி ஒன்றரை வருஷம் ஆகிறது. எந்தக் கம்பெனி என்று நான் ஒருமுறைகூடக் கேட்கவில்லை. அது என் தப்புதான்.

அது உன் மருமகளுக்குக் கால் உடைந்து நான் ஹாஸ்டலுக்கு ஓடிய வாரம். அவள் உன்னிடம்தான் முதலில் சொன்னாள். மாடியைச் சுத்தம் செய்யும் அக்கா வேலைக்குப் புதிது, அவளுக்கு உன்னைத் தெரியாது. திரும்பி வந்ததும் சொன்னாள்: "உயரமா ஒரு மேடம் வந்தாங்க. பாத்ரூம் குழாய மாத்தித் திருப்பணும்னு நான் சொல்றதுக்குள்ள அவங்களே திருப்பிட்டாங்க." புத்திசாலி விருந்தாளி என்று நினைத்துக்கொண்டேன். ஐந்துக்கு நான்கு நட்சத்திரம் போட்டுவிட்டுப் போன புத்திசாலி. 'சுத்தமாக உள்ளது. ஒரு ஜன்னல் திறக்கவில்லை.'

கவுன்டரில் அந்த உறையை அம்மாளிடம் நீட்டினேன்.

"யாருங்க இது?"

"என் நாத்தனார். வீட்டுல பாதி அவளோடது."

"காசு குடுத்துத் தங்குனாங்களா?"

"ஆமா."

"அப்போ விருந்தாளி. வரி உண்டு."

"அவ வீட்டுக்காரிங்க."

"வீட்டுக்காரி தங்குன ராத்திரிக்கு இங்க தனிக் கட்டம் இருக்கு, வரி கிடையாது. ஆனா காசு குடுத்திருக்கக்கூடாது. ரெண்டுல எது, நீங்களே சொல்லுங்கம்மா. பின்னாடி ஆள் நிக்கறாங்க."

அந்த நான்கு இரவுகளை மட்டும் காலியாக விட்டுவிட்டு வந்திருக்கிறேன். நீ எதற்கு வந்தாய்? அதைச் சொல், நிரப்புகிறேன்.

பூட்டு


ஏப்ரல் 8

பூட்டு,

மாட்டிக்கொண்டேன். ஆபீஸ் உறையில் கடிதம் அனுப்புகிற அளவுக்குத்தான் என் மூளை வேலை செய்கிறது. துப்பறியும் வேலைக்கு நான் லாயக்கில்லை.

நான் வந்தது வீட்டை விலை மதிப்பிட. இரண்டாம் நாள் காலை வீட்டுத் தரகர் ஒருவரை அழைத்து வந்தேன். மாடி முழுக்க டேப் வைத்து அளந்தார். நீ ஊரில் இல்லாத வாரமாகப் பார்த்துத்தான் வந்தேன். இதை எழுத வெட்கமாக இருக்கிறது. எழுதாவிட்டால் அதைவிட மோசமாக இருக்கும்.

அவர் போனதும் அன்றே கிளம்பியிருக்கலாம். கதவுக்குப் பின்னால் நீ ஒட்டி வைத்திருக்கும் தாள்தான் கிளம்பவிடவில்லை. 'வெந்நீர் வர இரண்டு நிமிஷம் ஆகும், கொஞ்சம் பொறுங்கள். கண்ணாடி அணிபவரா? படிக்க நல்ல வெளிச்சம் மேஜையின் இடது பக்கம். தூக்கம் வராவிட்டால் அலமாரியில் இன்னொரு தலையணை இருக்கிறது. ஏதாவது குறை என்றால் தயங்காமல் கூப்பிடுங்கள், நான் கீழேதான் இருக்கிறேன்.'

நான்கு நாளும் அதையே படித்தேன். முன்பின் தெரியாதவனுக்கு இரண்டாவது தலையணை வரைக்கும் யோசித்து வைத்திருக்கிறாய். எனக்கு "மேல ஆள் இருக்கு" என்று மூன்று வார்த்தை. அண்ணன் போன பிறகு நீ என்னோடு அதற்கு மேல் பேசவே இல்லை. நான் அவனுக்குத் தங்கை, பூட்டு. எனக்கும் அவன் இல்லை.

ஒரு நட்சத்திரத்தைக் குறைத்தது அதற்குத்தான். ஜன்னல் நன்றாகத்தான் திறந்தது, கொஞ்சம் இடிக்க வேண்டியிருந்தது.

எந்தக் கட்டம் என்று என்னைக் கேட்காதே, நீயே எழுதிக்கொள். படிவம் மேஜை மேல் இருக்கிறது. இன்னும் கையெழுத்துப் போடவில்லை. தரகர் வாரம் ஒருமுறை போன் செய்கிறார்.

நான்தான்


ஏப்ரல் 16

ஒட்டடைக்கு,

விருந்தாளி என்று எழுதிவிட்டேன். காசு கொடுத்தாய், ரசீது வாங்கினாய், நட்சத்திரத்தில் கைவைத்தாய். விருந்தாளிதான். நான்கு இரவுக்கும் வரி கட்டியாயிற்று. பணத்தைத் திருப்பிக் கொடுத்து உன்னை வீட்டுக்காரி ஆக்கிவிடலாமா என்று ஒரு நாள் யோசித்தேன். அது பொய். நமக்குள் நடந்ததை அரசாங்கப் படிவத்தில் திருத்தி எழுதினால் நடக்காததாகிவிடுமா?

பதிலுக்கு நானும் ஒரு உண்மை சொல்கிறேன். அன்று மாடியில் ஒரு குடும்பம் இருந்தது நிஜம். ஆனால் காலியாக இருந்திருந்தாலும் ஆள் இருக்கிறது என்றுதான் சொல்லியிருப்பேன். உனக்கு உன் அண்ணனின் நெற்றி. அதே குரல், இருமுவதுகூட அதே மாதிரி. கதவைத் திறந்ததும் அவரே வந்து நிற்கிற மாதிரி இருந்தது. தெரியாதவர்களிடம் பேசுவது சுலபமடி. அவர்களுக்கு ஒரு தாள் போதும். உனக்கு என்ன எழுதி ஒட்டுவது என்று எனக்குத் தெரியவில்லை, அதனால் சோபாவைக் காட்டினேன். மன்னித்துக்கொள்.

வீட்டை விற்கவேண்டுமென்றால் விற்போம். உன் பாதி, உன் உரிமை. ஆனால் தரகரை என் கண்முன்னால், வாசல் வழியாக அழைத்து வா. மூன்று பேருக்கும் டீ போடுகிறேன். அவர் குடித்து முடித்ததும் உன்னோடு சண்டை போடுகிறேன், விற்க விடமாட்டேன் என்று. எனக்கு அந்தச் சண்டையில் ஜெயிக்கத் தெரியும்.

வேண்டாமென்றால் கையெழுத்துப் போட்டு அனுப்பு. இரண்டில் எதுவானாலும் முப்பதாம் தேதிக்குள்.

பூட்டு


மே 3

அன்புள்ள ஒட்டடைக்கு,

படிவம் இருபத்தொன்பதாம் தேதி மதியம் வந்தது. உறைக்குள் கடிதம் இருக்கிறதா என்று உதறிப் பார்த்தேன். இல்லை. பென்சில் குறியின் மேலேயே கையெழுத்துப் போட்டிருக்கிறாய், சந்தோஷம். உறையோடு ஆட்டோ பிடித்து ஓடினேன்.

கவுன்டர் அம்மாள் மூன்றாம் பக்கத்தில் நின்றுவிட்டார். நானும் அப்போதுதான் பார்த்தேன். 'முதல் உரிமையாளருக்கு என்ன உறவு' என்ற இடத்தில் 'நாத்தனார்' என்று எழுதி, அதை ஒரே கோட்டில் அடித்து, மேலே 'சிநேகிதி' என்று எழுதியிருக்கிறாய். பக்கத்தில் சின்னதாக ஒரு கையெழுத்து, திருத்தினால் போட வேண்டிய முறைப்படி.

"இவங்கதானே அந்த நாலு ராத்திரி நாத்தனார்? இப்ப சிநேகிதின்னு போட்டிருக்காங்க?"

"ரெண்டும்தான்."

"கம்ப்யூட்டர்ல ஒண்ணுதான் ஏறும்."

"திருத்தினதை ஏத்துங்க."

"சிநேகிதிக்கு எப்படிப் பாதி வீடு வந்துச்சுன்னு மேல கேப்பாங்க."

"கேக்கட்டும், நான் வந்து சொல்றேன்."

என்னை ஒரு பார்வை பார்த்தார். அப்புறம் முத்திரையை எடுத்து ஓங்கி ஒரு குத்து. பதிவு எண் நேற்று வந்தது, விளம்பரத்தில் சேர்த்துவிட்டேன். இனி மாதாமாதம் கணக்குக் காட்டவேண்டும். யாருமே தங்காத மாதத்துக்கும் பூஜ்யம் என்று எழுதிக் கொடுத்தாக வேண்டுமாம். சும்மா இருந்தால் மறைத்துவிட்டோம் என்று அர்த்தமாம்.

ஜூனில் மாடியை முழுக்க அடைத்துவிட்டேன். ஜன்னல் வேலை, வெள்ளையடிப்பு எல்லாம் இருக்கிறது. விருந்தாளிகள் கட்டத்தில் பூஜ்யம் எழுதியாயிற்று. வீட்டுக்காரி தங்கும் இரவுகளுக்கான அடுத்த கட்டத்தை நீ வந்து தங்கிவிட்டுக் கிளம்பிய பிறகு எண்ணி நிரப்புகிறேன்.

எந்த வண்டியில் வருகிறாய் என்று மட்டும் எழுது.

அன்புடன்,
பூட்டு