செவ்வாய்க்குப் போகாத பெண்ணுக்கு

மாதனூர்
ஞாயிற்றுக்கிழமை, பிற்பகல்

அன்பு மகள் பிரிசில்லாவுக்கு,

ஆண்டவரின் கிருபை உன்னோடு இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டு அப்பா ஏசுபாதம் எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். மனசு எப்படி இருக்கிறது என்று கேட்டால், அதற்குத்தான் இந்தக் கடிதம்.

நீ போனை எடுத்துப் பன்னிரண்டு நாளாகிறது. அதனால் உன் ரூமில் இருக்கும் மோகனாவின் பெயருக்கு இதை அனுப்பி, உன் கையில் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன். குடியாத்தத்துப் பெண், சொன்னால் செய்வாள்.

முதலில் என் மானம் போன கதையைச் சொல்லிவிடுகிறேன். போன வருஷம் ஆயுத பூஜையன்று எங்கள் ஷூ கம்பெனியில் எனக்குச் சால்வை போர்த்தின போட்டோ அனுப்பினேன் இல்லையா? இருபத்தைந்து வருஷ சர்வீசுக்குப் போர்த்தினார்கள் என்று நீ நினைத்திருப்பாய். இல்லை. மேனேஜர் எல்லார் முன்னாலும், "பொண்ணு இன்னா பண்ணுது?" என்றார். அகமதாபாத்தில் செவ்வாய் கிரகத்தைப் பற்றி ஆராய்ச்சி என்றேன். அவர் மைக்கை வாங்கி, "நம்ம டெஸ்டிங் ஏசுபாதத்தோட பொண்ணு செவ்வாய்க்கே போகப் போகுது" என்று அறிவித்துவிட்டார். முந்நூறு பேர் கைதட்டினார்கள். அங்கேயே திருத்தியிருக்கலாம். அதற்குள் சால்வை தோளில் விழுந்துவிட்டது. நல்ல சால்வை வேறு.

அன்றிலிருந்து கம்பெனி பஸ்ஸில் எனக்குப் பெயர் ராக்கெட்டப்பா. தையல் செக்‌ஷன் கோவிந்தம்மாள் ஏறும்போதே, "இன்னா ராக்கெட்டப்பா, பாப்பா எப்ப கெளம்புது? மேல சோறு கெடைக்குமா?" என்பாள். "அங்க இன்னும் கேஸ் கனெக்‌ஷன் வரலம்மா" என்பேன் நான். பஸ்ஸே சிரிக்கும். பத்தாவது பெயிலான ஒருவனுக்கு இதெல்லாம் ஒரு சுகம், பிரிசி.

அந்தப் பஸ்ஸில் உட்கார்ந்திருந்தபோதுதான் அன்றைக்கு உன் போன் வந்தது. எல்லாரும் கேட்கட்டுமே என்று ஸ்பீக்கரில் போட்டேன். செவ்வாய்ப் படங்களில் இரண்டு வருஷமாக எண்ணின நிலச்சரிவையெல்லாம் கைடு மறுபடியும் முதலிலிருந்து எண்ணச் சொல்லிவிட்டார் என்றாய். "என்னால முடியலப்பா, வீட்டுக்கு வந்துடட்டுமா?" என்றாய். நான் சத்தமாகச் சிரித்து, "செவ்வாய்க்கே போற பொண்ணு, இதுக்கெல்லாம் பயந்தா எப்படி?" என்றேன். பஸ்ஸில் கைதட்டினார்கள். பின்சீட்டில் எவனோ விசில் அடித்தான். நீ வைத்துவிட்டாய்.

வீட்டுக்கு வந்து, பஸ் சத்தத்தில் சரியாகக் கேட்கவில்லை கண்ணு என்று மெசேஜ் போட்டேனே, அது பொய். என் பக்கத்து சீட்டு ஹயாத் பாஷா மறுநாள் டெஸ்ட் ரூமில் என்னை நிற்க வைத்துக் கேட்டார்: "யோவ், அந்தப் புள்ள கேட்டது எனக்கே நல்லா கேட்டுச்சு. பெத்தவன் உனக்குக் கேக்கலியா?" பேஜார் பண்ணாதீங்க பாய் என்று சொல்லிவிட்டு பாத்ரூம் பக்கம் போய் நின்றுகொண்டேன்.

மோகனாவிடம் பேசினேன். அவளைத் திட்டாதே, நான்தான் விடாமல் கேட்டேன். நீ ஒருவேளைதான் சாப்பிடுகிறாயாம். சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறாயாம். கூப்பிட்டால் ம் என்கிறாயாம். இதைக் கேட்ட பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. உன் அம்மாவின் கவலை பூமி மாதிரி. காலையில் உன்மேல் இருக்கும், பத்து மணிக்குத் தண்ணி லாரிக்கு நகர்ந்துவிடும், சாயங்காலம் திரும்பி வரும். என்னுடையது செவ்வாய் மாதிரி, நகர்வதே இல்லை. பூமியின் மேலோடு நகர்ந்துகொண்டே இருப்பதால் எரிமலைகள் வரிசையாக முளைக்கும், செவ்வாயில் அது நகராததால் ஒரே இடத்தில் குழம்பு கொட்டிக் கொட்டித்தான் ஒலிம்பஸ் மலை எவரெஸ்டைப் போல இரண்டரை மடங்கு உயர்ந்தது என்று நீதானே சொன்னாய்? பன்னிரண்டு நாளில் என் நெஞ்சிலும் அப்படி ஒன்று வளர்ந்து நிற்கிறது.

நீ கிறிஸ்துமஸுக்கு வந்தபோது காலண்டர் பக்கத்தில் ஒட்டிவிட்டுப் போன செவ்வாய்ப் படத்தைத்தான் தினமும் பார்த்துக்கொண்டிருக்கிறேன். தெற்கே ஹெல்லஸ் பள்ளம். எப்போதோ ஒரு பெரிய விண்கல் மோதியதில் உண்டானது, தமிழ்நாட்டையும் ஆந்திராவையும் கர்நாடகாவையும் சேர்த்துப் போட்டாலும் இடம் மிச்சமிருக்கும் என்றாய். இன்னும் பல இடங்களில் ஆறு ஓடி வற்றிப்போன தடம் இருக்கிறது. அதற்கு எனக்கு விளக்கம் தேவைப்படவில்லை. பாலாற்றைப் பார்த்துக்கொண்டு வேலைக்குப் போகிறவன் நான்.

ஆனால் நடுவில் கத்தியால் கீறின மாதிரி கிடக்கும் அந்த நாலாயிரம் கிலோமீட்டர் பள்ளத்தாக்கை நான் ஆறு வெட்டியது என்றே அடித்துச் சொன்னேன். பந்தயம் கூடக் கட்டினேன். நீ சிரித்து, "ஆறு இல்லப்பா, இது உங்க மெஷின் வேலை" என்றாய். எங்கள் கிராக் டெஸ்ட்டை வைத்தே எனக்குப் புரியவைத்தாய். வட்டமாக வெட்டிய தோலை ஓரமெல்லாம் இறுகப் பிடித்து, அடியிலிருந்து ஒரு குண்டை மெதுவாக மேலே ஏற்றுவோம். தோல் கொப்புளம் போல எழும்பும். மேல் முகத்தில் முதல் கீறல் விழும்போது எத்தனை மில்லிமீட்டர் என்று குறிப்போம். ஏழு தாண்டினால் ஷூவுக்கு ஆகும். செவ்வாயிலும் அடியிலிருந்து உருகிய பாறை முட்டி, மேலேயும் குழம்பு கொட்டி, தார்சிஸ் என்று ஒரு கண்டம் அளவுக்கு மேடு எழும்பியது, அந்த இழுப்பில் நிலம் விரிந்து பிளந்தது என்றாய். அப்படியானால் விரிசல் உச்சியில்தானே விழ வேண்டும் என்று என் அனுபவத்தைக் காட்டினேன். "அது தோல் இல்லப்பா, பக்கவாட்டுல கெழக்கால பொளந்துச்சு" என்றாய். பிளந்த பிறகு சுவர்கள் சரிந்து சரிந்து அகலமாயிற்று. அந்தச் சரிவுகளைத்தான் நீ எண்ணுகிறாய். எனக்குப் புரிந்தது அவ்வளவுதான். தப்பாக இருந்தால் போன் பண்ணித் திட்டு. திட்டுவதற்காகவாவது பண்ணு.

வியாழக்கிழமை டெஸ்ட்டில் ஒரு தோல் நாலரையிலேயே கீறிவிட்டது. தௌசீப், நம் சின்ன சூப்பர்வைசர், "கம்மியா வருது, இன்னும் கொஞ்சம் ஏத்திப் பாருங்கண்ணே" என்றான். கீறல் தெரிந்த பிறகு ஏற்றினால் கிழிந்துதான் போகும் என்று அவனுக்குப் பாடம் எடுத்தேன். எடுத்துக்கொண்டிருக்கும்போதே மெஷினை நிறுத்திவிட்டேன். பிளஸ் டூவில் நீ மார்க் வாங்கியபோது இன்னும் பத்து வந்திருக்கலாம் என்றேன். எம்.எஸ்சி. முடித்தபோது அடுத்து என்ன என்றேன். அன்றைக்கு பஸ்ஸிலும் ஒரு சுற்று ஏற்றிவிட்டேன்.

அதனால் வெள்ளிக்கிழமை பஸ் ஆம்பூர் தாண்டுவதற்குள் எழுந்து நின்று சொல்லிவிட்டேன். என் பொண்ணு செவ்வாய்க்கும் போகல, சந்திரனுக்கும் போகல, ரூமில் உட்கார்ந்து படம் பார்த்து நிலச்சரிவு எண்ணுது, இப்போ அதுக்கு உடம்பும் மனசும் சரியில்ல என்றேன். கோவிந்தம்மாள்தான், "அது போகலன்னு எங்களுக்கு அப்பவே தெரியும்யா. உன் மூஞ்சி வாடக் கூடாதுன்னு கேட்டுக்கினு இருந்தோம். புள்ளைய மொதல்ல கூட்டினு வா" என்றாள். ஒரு வருஷமாக முப்பது பேர் எனக்காக நடித்திருக்கிறார்கள் பார். என்னைப் போல முட்டாள் இந்த வேலூர்ப் பக்கத்திலேயே கிடைக்கமாட்டான்.

பிரிசி, நீ வருவதென்றால் வா. ஒரு வாரம், ஒரு வருஷம், எவ்வளவு வேண்டுமானாலும் இரு. படிப்பை விடுவதா தொடர்வதா என்று ஒருத்தரும் கேட்கமாட்டோம். கேட்டால் அம்மா என் நாக்கை அறுத்துவிடுவதாகச் சொல்லியிருக்கிறாள். அங்கேயே இருப்பதென்றால் நான் புறப்பட்டு வருகிறேன். லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன். பேச வேண்டாம் என்றாலும் சரி, இரண்டு ரிங் விட்டுக் கட் பண்ணு. இருக்கிறாய் என்று எடுத்துக்கொள்கிறேன். இராத்திரிச் சாப்பாட்டை மட்டும் விடாதே தாயே. கர்த்தர் உன் போக்கையும் வரவையும் காக்கட்டும்.

இப்படிக்கு,
உன் அப்பா
ஏசுபாதம்

பின்குறிப்பு: எழுதினது முழுவதையும் அம்மாவுக்குச் சத்தமாக வாசித்துக் காட்டிவிட்டேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு, அனுப்பு என்று எழுந்து போனாள். இது அவள் போன பிறகு எழுதுவது. வந்துடட்டுமா என்று நீ கேட்டபோது எனக்கு முதலில் உன் ஞாபகம் வரவில்லை. நாளைக்கு இந்த பஸ்ஸில் எந்த முகத்தை வைத்துக்கொண்டு ஏறுவேன் என்றுதான் தோன்றியது.